கைம்பெண்ணின் 826 ரூபாய்



பணத்தைப் பற்றிக் குருக்கள் எழுதலாமா என்று கேட்போர் உண்டு. திருவிழா வரியைப் பற்றி எழுதும்போது மட்டும் எவரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. இம்மாதம் நான் எழுதப் போவது கோவில் பணத்தைப் பற்றியதன்று. நம் வீட்டுப் பெண்கள் வங்கியில் போட்டு வைத்திருக்கும் சிறு தொகைகளையும், அவர்களுக்குச் சொல்லாமலே அவற்றிலிருந்து எடுக்கப்படும் கட்டணங்களையும், அவற்றுள் நியாயமற்றவற்றைத் திரும்பப் பெறும் வழியையும் பற்றியது. இதில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்தநாளன்று, தமிழக அரசு காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. ஒரு கோடியே ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்குகளில் தலைக்கு 1,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. மலையடிவாரத்தில் வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய் வரும் எங்கள் சிவகிரிப் பகுதிப் பெண்களுக்கு அது சிறு தொகையன்று. யார் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதே அந்த வாரம் முழுவதும் கோவில் வாசலிலும் குழாயடியிலும் பேச்சாக இருந்தது.

அவ்வாரத்தில் ஒரு நாள் மாலை, பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் என்னைக் காண வந்தார். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் வங்கியின் பாஸ் புத்தகம்.

"சாமி, ஆயிரம் ரூவா வந்துருக்குன்னு போன்ல சேதி வந்துச்சு. பேங்க்ல போயி கேட்டா நூத்தி எழுவத்தி நாலுதான் இருக்குங்காவ. மிச்சத்த யாரு எடுத்தான்னு கேட்டேன். மினிமம் பாலன்சு இல்லன்னு பிடிச்சிருக்குங்காவ. பாலன்சு இல்லாதது தெரிஞ்சுதான சாமி அந்த ஆயிரத்தக் குடுத்தாவ?"

அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் விடையில்லை. ஆனால் அன்று நான் விடை தேடவுமில்லை. செபமாலைக்கு நேரமாகியிருந்தது. "போகட்டும் அம்மா, அடுத்த மாதம் வரும், இதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் தலையசைத்துவிட்டுப் போனார். குருக்களாகிய எங்களுக்கு இது ஓர் எளிய வழக்கமாகிவிட்டது. பிறர் படும் நட்டத்தை அவர்கள் சார்பில் நாங்களே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடுகிறோம்.

அதே நாட்களில் தமிழகமெங்கும் இதே முறையீடு எழுந்தது. உரிமைத் தொகையிலிருந்து வங்கிகள் குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தையும் சேவைக் கட்டணத்தையும் பிடித்துக்கொண்டன என்று பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் புகார் கூறினார்கள். நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை வெளியிட்டார். இத்தொகையை வேறெந்தக் கணக்கிலும் நேர்செய்யக் கூடாதென்று வங்கிகளிடம் முன்னரே கூறப்பட்டிருந்தது என்றும், அதை மீறிப் பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் 1100 என்ற முதலமைச்சரின் உதவி மைய எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. செய்தித்தாளில் நான் அதைப் படித்தேன். படித்தபோது அந்த அம்மாவின் நினைவும் வந்தது. ஆனால் திருவிழாக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 22ஆம் நாள், பொதுக்காலத்தின் 29ஆம் ஞாயிறு. அன்றைய நற்செய்தி, வரிப்பணத்தைக் காட்டி நம் ஆண்டவரைச் சிக்க வைக்க முயன்றவர்களைப் பற்றியது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி என்று நான் விரிவாகவே பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றும் எண்ணிக்கொண்டேன். திருப்பலி முடிந்ததும் அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"சாமி, அரசனுக்குள்ளத அரசனுக்குக் குடுக்கணும்னு பிரசங்கம் வச்சியளே, எனக்குள்ளத எனக்கு யாரு குடுப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அக்டோபர் மாதத் தொகை வந்த அன்றே வரிசையில் நின்று முழுவதையும் எடுத்துவிட்டதாகவும், இனி அந்தக் கணக்கில் ஒரு காசும் வைக்கப் போவதில்லை என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது: "வட்டிக்காரன்னா மூஞ்சியப் பாத்துக் கேக்கலாம் சாமி. அங்க யாருகிட்ட கேக்க?"

கந்துவட்டியின் கொடுமையை நெல்லைச் சீமையில் வாழும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அதைத் தடுக்க 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கந்துவட்டிக்காரனிடம் போகாதீர்கள், வங்கிக்குப் போங்கள் என்று எத்தனை முறை பிரசங்கம் வைத்திருக்கிறேன்! என் சொல்லைக் கேட்டு வங்கிக்குப் போனவர் இப்போது வட்டிக்காரனே மேல் என்கிறார். அன்று பகலுணவுக்குப் பின் நான் உறங்கவில்லை. அந்தப் பாஸ் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.

2018இல் நகைக் கடன் வாங்கியபோது தொடங்கிய சாதாரணச் சேமிப்புக் கணக்கு அது. 2020 சனவரியில், புத்தாண்டு கழிந்த வாரத்தில், இருந்ததனைத்தையும் துடைத்து எடுத்திருக்கிறார். அதன்பின் மூன்றரை ஆண்டுகள் வரவுமில்லை, செலவுமில்லை. 2023 செப்டம்பரில் 1,000 ரூபாய் வரவு. அதற்குக் கீழே 59 ரூபாய், 59 ரூபாய் என்று வரிசையாகப் பதினான்கு பற்றுகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஆங்கில எழுத்துகள் நான்கைந்து. சுருக்கமோ சூத்திரமோ தெரியாது. ஒரு காலாண்டுக்கு 50 ரூபாய் கட்டணம். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 9 ரூபாய். பதினான்கு காலாண்டுக்கு 826 ரூபாய். கணக்கில் பணமில்லாத வரையில் எடுக்க முடியாமல் காத்திருந்து, அரசு போட்ட பணம் வந்து விழுந்ததும் மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிற்க. வங்கி கட்டணம் வாங்குவதே பாவமா என்று கேட்டால், அல்ல என்பதே என் விடை. இக்கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. 1462ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பெரூஜியா நகரில், பிரான்சிஸ்கன் சபைத் துறவியரின் தூண்டுதலால் ஏழைகளுக்கென ஓர் அடகு நிதியம் நிறுவப்பட்டது. கொடிய வட்டியிலிருந்து ஏழைகளை மீட்பதே அதன் நோக்கம். நகரங்கள் பலவற்றில் இத்தகைய நிதியங்கள் பரவின. ஆனால் எழுத்தருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அடகுப் பொருளைக் காக்க இடம் வேண்டும். அதற்காகக் கடன் வாங்குவோரிடம் ஒரு சிறு கட்டணம் பெற்றார்கள். உடனே, இதுவும் வட்டியே, ஆகவே பாவமே என்று வேறு சபைத் துறவியர் சிலர் எதிர்த்தெழுந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த இவ்வழக்கை 1515இல், பாப்பரசர் பத்தாம் சிங்கராயரின் காலத்தில், ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் தீர்த்து வைத்தது. செய்யும் பணிக்கு ஆகும் செலவை ஈடுகட்டும் அளவுக்குக் கட்டணம் பெறலாம். அதனால் நிதியத்துக்கு ஆதாயம் கிடைக்கலாகாது. கட்டணமே இல்லாமல் கொடுக்க முடியுமாயின் அது இன்னும் சிறந்தது. தீர்ப்பின் சாரம் இதுவே. குருமடத்தில் இதை நாங்கள் தேர்வுக்காகப் படித்தோம். ஒரு 59 ரூபாய்ப் பற்றைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும் என்று அன்று எவர் எண்ணினார்!

வியப்பு யாதெனில், நம் ரிசர்வ் வங்கியின் விதியும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணத்தைப் பற்றி 2014 நவம்பர் 20ஆம் நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது; 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் குறுஞ்செய்தியாலோ, மின்னஞ்சலாலோ, கடிதத்தாலோ வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். அதைச் சரிசெய்ய ஒரு மாதத்திற்குக் குறையாத தவணை தர வேண்டும். அதற்குப் பிறகே கட்டணம் எடுக்கலாம். எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் எடுக்கலாம். அக்கட்டணம் வங்கி அச்சேவைக்காகச் செய்யும் சராசரிச் செலவுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். இக்கட்டணத்தால் மட்டுமே கணக்கு சுழிக்குக் கீழே இறங்கவும் கூடாது. இதற்கு முன்பே 2014 மே மாதத்தில் மற்றொரு விதியும் வந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாமல் செயலற்றுப் போன கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கான தண்டக் கட்டணம் விதிக்கவே கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சுற்றறிக்கையும் இதை உறுதி செய்தது. அத்தகைய கணக்கை மீண்டும் இயங்கச் செய்வதற்கும் கட்டணம் கூடாது என்றது.

இவற்றையெல்லாம் நான் தெரிந்துகொண்டது சொந்த அறிவால் அன்று. பங்கில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இருக்கிறார். பாடற்குழுவில் எனக்குத் தலைவலி தருபவர். இவ்விஷயத்தில் என் ஆசிரியரானார். அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 2020 சனவரியோடு பரிமாற்றம் நின்றது. ஆகவே 2022 சனவரியோடு கணக்கு செயலற்றதாகிறது. அதற்குப் பிந்திய ஆறு பற்றுகள், 354 ரூபாய், எவ்வகையிலும் நியாயமற்றவை. முந்திய எட்டுப் பற்றுகள், 472 ரூபாய், முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால் மட்டுமே செல்லும். அந்த அம்மாவுக்கோ எந்தக் குறுஞ்செய்தியும் வந்ததில்லை. வங்கியில் பதிவாகியிருந்த எண் காலஞ்சென்ற கணவருடையது. அது எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டது.

ஆயுத பூசை விடுமுறை கழிந்து புதன்கிழமை இருவரும் வங்கிக்குப் போனோம். மேலாளர் இளவயதினர், கேரளத்துக்காரர். என் வெள்ளை அங்கியைக் கண்டதும், "வாங்க ஃபாதர்" என்று எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், காப்பிக்கும் சொன்னார். நான் அமர்ந்தேன். அந்த அம்மா நின்றார். இரண்டாவது நாற்காலியை நான்தான் இழுத்துப் போட வேண்டியிருந்தது. சென்ற மாதம் இதே இடத்தில் இவர் தனியாக வந்து எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று எண்ணியபோது காப்பி இறங்கவில்லை.

மேலாளர் மீது எனக்குக் குறையில்லை. "கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துக்கொள்கிறது ஃபாதர், நாங்கள் ஒன்றும் செய்வதில்லை" என்றார். அது உண்மைதான். ஆனால் இக்காலத்தின் பெரிய இடர்ப்பாடும் அதுவே. எடுப்பதற்கு மனிதன் தேவையில்லை. திரும்பக் கொடுப்பதற்கு மட்டும் மனிதனும் அவன் கையொப்பமும் தேவைப்படுகின்றன. மனுவைப் படித்தார். செயலற்ற காலத்து ஆறு பற்றுகளைப் பார்த்ததும் அவரே தலையை ஆட்டினார். ஒன்பதாம் நாள் 354 ரூபாய் கணக்கில் வரவாயிற்று.

மீதி 472 ரூபாய்க்குப் பதில் வரவில்லை. எனக்குள் பழைய குரல் மீண்டும் பேசிற்று: கிடைத்தது போதுமே, நானூற்றுச் சொச்சத்துக்காக இன்னும் அலைவதா? நம் மக்களில் பலரும் இப்படித்தான் எண்ணுகிறோம். சிறு தொகையைக் கேட்பது அற்பத்தனம் என்றும், கேட்டால் மானம் போய்விடும் என்றும் கருதுகிறோம். ஏழாம் கட்டளையைப் படிப்பிக்கும்போது, திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காதவரை மன்னிப்பு முழுமையாகாது என்று சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றதைக் கதையாகச் சொல்கிறோம். திருப்பிக் கொடுப்பது ஒருவனுக்குக் கடமையானால், திரும்பக் கேட்பது மற்றவனுக்கு எப்படி இழிவாகும்? நம் ஆண்டவர் சொன்ன உவமையில் நேர்மையற்ற நடுவனிடம் ஓயாமல் போய் நின்றவளும் ஒரு கைம்பெண்தான். அவள் இரக்கம் கேட்கவில்லை. தன் வழக்கில் நீதி கேட்டாள்.

தொகை சிறியதா என்பதையும் ஒரு கணம் பார்ப்போம். 17 ரூபாய் 70 காசு என்றால் ஒரு தேநீரும் வடையும். மாதத்தில் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தாலோ, கைப்பேசி வழியாகவோ அட்டை வழியாகவோ செலுத்தினாலோ, ஒவ்வொரு முறைக்கும் 17.70 ரூபாயைப் பாரத ஸ்டேட் வங்கி ஏழைகளின் அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து எடுத்து வந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதை ஆராய்ந்து, விதிக்கு முரணானது என்று தொடர்ந்து எழுதினார். 2020 ஆகஸ்ட் 30ஆம் நாள் மத்திய நேரடி வரிகள் வாரியம், அவ்வாண்டு சனவரி 1 முதல் மின்னணுப் பரிமாற்றங்களுக்கு வாங்கிய இத்தகைய கட்டணங்களைத் திருப்பித் தருமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்திற்று. 2017 ஏப்ரல் முதல் 2020 செப்டம்பர் வரை ஜன் தன் கணக்குகளிலிருந்து மட்டும் 254 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது என்றும், 90 கோடியே திருப்பித் தரப்பட்டது என்றும், 164 கோடி இன்னும் வர வேண்டும் என்றும் 2021இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. தேநீரும் வடையும் சேர்ந்து 254 கோடி!

குறைந்தபட்ச இருப்புக் கட்டணமும் அவ்வாறே. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இவ்வகையில் 8,495 கோடி ரூபாய் பெற்றன என்று 2024இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. நிறைய வைத்திருப்பவன் இக்கட்டணத்தைச் செலுத்துவதில்லை. இல்லாதவன்தான் இல்லாமைக்காகச் செலுத்துகிறான். நல்ல வேளையாக நிலைமை ஓரளவு மாறி வருகிறது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இக்கட்டுப்பாட்டை நீக்கிற்று. 2025இல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி முதலியவையும் சேமிப்புக் கணக்குகளில் இக்கட்டணத்தைக் கைவிட்டன. மக்களும் செய்தித்தாள்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாமல் கேட்டதற்கு இதில் பங்கில்லை என்று நான் நம்பமாட்டேன்.

மீண்டும் அந்த அம்மாவிடம் வருவோம். முப்பது நாள் கடந்தது. இரண்டாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் வருவதாகச் சொன்னேன். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் என்னைத் தடுத்தார். "சாமி வந்தால் சாமிக்குப் பதில் கிடைக்கும், அந்த அம்மா போனால்தான் அந்த அம்மாவுக்குப் பதில் கிடைக்கும்" என்றார். எனக்குச் சற்று வருத்தந்தான். ஆயினும் அவர் சொன்னது சரி. அந்த அம்மா தனியாகப் போனார். கடிதத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் வரக் கூடாதென்று சொல்லி அனுப்பியிருந்தோம். காலையில் போனவர் பிற்பகலில் திரும்பினார். இருமுறை பிறகு வரச் சொன்னார்களாம். "முத்திர குத்தற வரைக்கும் இங்கதான் இருப்பேன், எனக்கு இன்னிக்கு வேல இல்ல" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். ஊதா முத்திரையிட்ட அந்தத் தாளை அவர் எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் கண்ட நிமிர்வை, கணவர் இறந்தபின் நான் கண்டதேயில்லை.

அதற்கும் பதில் வராமற்போகவே, டிசம்பர் முதல் வாரத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். ஆம்பட்ஸ்மேன் என்று சொல்கிறார்களே, அவருக்குத்தான். வங்கிகளுக்கான குறைதீர்ப்புத் திட்டம் 1995 முதலே உண்டு. 2021 நவம்பர் 12ஆம் நாள் பல திட்டங்களை ஒன்றாக்கி, நாடு முழுமைக்கும் ஒரே வாயிலாக அமைத்தார்கள். கட்டணம் எதுவுமில்லை. வழக்கறிஞர் வேண்டியதில்லை, உண்மையில், வழக்கறிஞரைப் பிரதிநிதியாக வைத்து மனு செய்யவே இத்திட்டம் இடம் தரவில்லை. இணையத்தில் பதியலாம். அது முடியாதவர்கள் சண்டிகர் நகரில் 17ஆம் செக்டரிலுள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். எம்மொழியிலும் எழுதலாம். எங்கள் கடிதம் தமிழிலேயே போயிற்று. 14448 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

2024 சனவரி இரண்டாம் வாரத்தில் 472 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. வங்கியே முன்வந்து கொடுத்ததா, சண்டிகரிலிருந்து கேட்டதால் கொடுத்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. பாஸ் புத்தகத்தில் காரணம் எழுதப்படுவதில்லை. அத்துடன் அவருடைய கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறும் எழுதிக் கொடுத்தோம். இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. 2012 முதல் எல்லா வங்கிகளும் இவ்வகைக் கணக்கைத் தர வேண்டும். இதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே இல்லை, பணம் போடக் கணக்கில்லை, மாதம் நான்கு முறை எடுப்பது இலவசம், ஏ.டி.எம். அட்டையும் இலவசம். பழைய கணக்கையே இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதே வங்கியில் வேறொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கலாகாது.

மனு எழுதத் தயங்குவோருக்குச் சில சொற்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. பெயர், கணக்கு எண், எந்தத் தேதியில் எவ்வளவு எடுக்கப்பட்டது, அது ஏன் முறையற்றது, வரியோடு சேர்த்து எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற இவ்வளவே போதும். பாஸ் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணையுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது கேட்டதாகாது. முத்திரையிட்ட நகல் இல்லாமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள். முப்பது நாள் பொறுத்துப் பாருங்கள். அதற்குமேல் காலம் கடத்தாமல் குறைதீர்ப்பாளருக்கு எழுதிவிடுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் வராமலே கணக்கில் பற்றாகியிருந்தால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2019இல் விதி வந்தது. இது நம்மில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியுமா என்பது ஐயமே.

ஓர் எச்சரிக்கை. உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று எவரேனும் அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். எடுத்த கட்டணத்தைத் திருப்பி வரவு வைக்க எந்த வங்கிக்கும் உங்கள் இரகசிய எண் தேவையில்லை. 826 ரூபாயைத் தேடப் போய் எண்பதாயிரத்தை இழந்த கதை நமக்கு வேண்டாம்.

இப்போது எங்கள் பங்கில் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின், வின்சென்ட் தே பவுல் சபையாரும் கல்லூரி மாணவியர் மூவரும் மறைக்கல்வி அறையில் உட்காருகிறார்கள். விரும்புவோர் பாஸ் புத்தகத்தைப் பதிவு செய்து கொண்டுவரலாம். ஒவ்வொரு பற்றும் என்னவென்று படித்துச் சொல்கிறார்கள். எல்லாப் பற்றும் அநீதியன்று என்பதையும் அங்கேதான் கண்டோம். மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு பலர் கொதித்தெழுந்தார்கள். அவை பிரதமரின் ஆயுள் காப்பீட்டுக்கும் விபத்துக் காப்பீட்டுக்கும் உரிய ஆண்டுச் சந்தாக்கள். கையெழுத்தோ சம்மதமோ இல்லாமல் சேர்த்திருந்தால் திரும்பக் கேட்க உரிமையுண்டு. ஆனால் கேட்பதற்கு முன் வேண்டுமா, வேண்டாமா என்று வீட்டில் கலந்து பேசுங்கள்.

சென்ற மாதம் ஓர் இளம் தாய் தம் கணவருடைய பாஸ் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தார். கணவர் நாற்பத்தேழு வயதில் நெஞ்சுவலியால் இறந்தவர். அவர் இறந்தபின்னும் பணம் பிடித்திருக்கிறார்களா பாருங்கள் என்பதே அவர் கேட்டது. புரட்டிக்கொண்டிருந்த மாணவி, இறப்புக்கு ஆறு மாதத்திற்கு முந்திய ஒரு பற்றில் விரலை வைத்து நிறுத்தினாள். 436 ரூபாய். அந்தக் காப்பீடு எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் தரக்கூடியது. அப்படியொன்று இருப்பதே அக்குடும்பத்துக்குத் தெரியாது. மறுநாளே இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்குத் துணையாக வங்கிக்குப் போனவர், முத்திரை குத்தும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் அம்மாதான். விண்ணப்பம் கொடுத்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.